வெள்ளை நூல் கட்டிய பெயரோலை

கடல் தன் கரையில் நிற்க. மழை தன் மாதத்தில் பெய்க. புறப்பட்ட மரக்கலங்கள் புறப்பட்ட துறைக்கே மீள்க.

நறுங்கரை நாட்டை நாற்பத்தொன்றாம் ஆண்டாய் ஆண்டருளும், அலைதாங்கி, ஏழு துறையும் உடைய கோமான் இளவெயில் மாறர் திருவாய்மொழிந்தருள, அவர் திருவடி நிழலில் ஓலைநாயகமாய் இருக்கும் பொதியன் சேந்தன் எழுதும் ஓலை. மணிவரைத் தீவின் அரசி, சங்கு முழங்கும் துறைக்கு உடையார், வெண்டிரை நாச்சியாரின் ஆணையால் துறை காத்து நிற்கும் தலைவர் எழினியார் காண்க. உங்கள் அரசி நீடு வாழ்க. உங்கள் கலங்கரை விளக்கில் நெய் வற்றாதிருக்க. உங்கள் துறையின் இரண்டு வாயில்களும், உயிரோடு வருவோர் வாயிலும் இறந்து வரும் பேயர் வாயிலும், அவரவர்க்கு உரிய வழியாய் என்றும் திறந்திருக்க.

இந்த இடத்தில் உங்கள் யானைகளின் நலமும் குதிரைகளின் நலமும் கேட்டு ஓர் ஏட்டை நிரப்புவது எம் அலுவலின் முறை. இன்று அதற்குப் பொழுதில்லை. யானைகள் நலமாகவே இருக்கும் என்று நம்புகிறோம்.

வெள்ளை நூலோடு எம் நாட்டுப் பெண் ஒருத்தி உங்கள் துறையில் இறங்கிய நாளிலிருந்து எண்ணினால், இவ்வோலை உங்கள் கைக்கு வரும் நாள் பதினைந்தாம் நாளாய் இருக்க வேண்டும். பதினாறாய் இருந்துவிட்டால் நின்றபடி படிக்க வேண்டாம், படித்துக்கொண்டே துறைக்கு ஓடுக. உங்கள் துறையில், பேயரைக் கடலுக்கு வழியனுப்பும் துடுப்பில்லாத படகு ஒன்றை நீர் வற்றும் நேரத்துக்கு ஆயத்தம் செய்து வைத்திருப்பீர்கள். அதில் ஏற்றி அனுப்பப்பட இருப்பவள் உயிரோடு இருக்கிறாள். அவள் கையில் கட்டியிருப்பது தவறான நூல். அந்தத் தவறு இவ்வோலை எழுதும் சேந்தனுடையது. நடந்ததை நடந்தபடி கேட்டருள்க. அவரவர் சொன்ன சொல்லை அவரவர் வாய்மொழியாகவே பொறித்திருக்கிறது. அரச ஓலையில் கொச்சை எழுதுவது முறையன்று என்று சேந்தனுக்கும் தெரியும். முறை பார்த்துத்தான் இவ்வளவும் வந்தது.

எம் தலைநகருக்குக் கிழக்கே உப்பங்கழி ஓரத்துப் புன்னங்குடியில் கொற்றி என்றொரு மருத்துவச்சி. வயது நாற்பதைத் தாண்டியவள். பேறு பார்ப்பதில் அவளுக்கு நிகர் இந்நாட்டில் இல்லை, ஓயாமல் பேசுவதிலும் இல்லை. அவள் தாய் இரண்டாம் பிள்ளையைப் பெற்ற கையோடு கண்ணை மூடியபோது கொற்றிக்கு வயது பதினொன்று. அந்தப் பிள்ளைதான் குவளை. அன்று தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்த கொற்றி பிறகு இறக்கி விடவே இல்லை என்று ஊரார் சொல்வார்கள். தான் மணம் செய்துகொள்ளாமல் இருந்து, நான்கு ஆண்டுக்கு முன் குவளையை உங்கள் தீவில் மரக்கலப் பாய் தைக்கும் ஒருவருக்குக் கொடுத்தாள். அங்கே குவளைக்கு இரண்டு முறை பிள்ளை உண்டாகி, இரண்டு முறையும் வயிற்றில் குறுக்கே கிடந்து, இரண்டும் தங்காமல் போயின. மூன்றாவது உண்டாகி எட்டாம் மாதம் நடக்கையில், அக்காள் வந்து கை வைத்தால் ஒழியத் தான் பிழைக்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

குறுக்கே கிடக்கும் பிள்ளையை வயிற்றின் மேலிருந்தே தடவித் தடவித் தலை கீழே வரும்படி திருப்பும் கை கொற்றியுடையது. அந்தக் கை கடல் கடக்க வேண்டும். உப்பங்கழிக்கு அந்தப் பக்கம்கூடப் போய் அறியாதவள் வேற்று நாட்டுக்குக் கிளம்பினாள்.

முதன்முறை கடல் கடப்பவர் எம் அலுவலில் நான்கு ஓலை சேர்க்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்தது. இன்னார் எம் ஊரில் பிறந்தார் என்று ஊர்ச்சபை தரும் ஊரோலை. உடம்பின் குறிகளைச் சொல்லும் அடையாள ஓலை. அவர் திரும்பி வருவார் என்று இருவர் கையெழுத்திடும் பிணையோலை. இவை மூன்றையும் பார்த்தபின் அரச முத்திரையோடு தரப்படும் பெயரோலை. கொற்றிக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒரு மூட்டையும் ஒரு சீப்புமாக நேரே துறைக்குப் போனவளை, மரக்கலம் செலுத்தும் மீகாமன் திரையன் எம்மிடம் திருப்பி அனுப்பினான். ஊரோலை எங்கே என்று சேந்தன் கேட்டதற்கு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“நான் புன்னங்குடிக்காரின்னு புன்னங்குடிக்கே தெரியும். அதை ஊரு எழுதி உமக்குத் தரணுமா? எழுதித் தர்ற சபையில முக்கால்வாசிப் பேரோட பிள்ளைங்க நான் எடுத்ததுங்கதான்!”

ஆனாலும் போய் வாங்கி வந்தாள். அதில் உடற்குறி இல்லை என்று சேந்தன் மீண்டும் திருப்பினான். அடுத்த முறை எம் அலுவல் வாசலிலேயே அவளை நிறுத்திக் குறி எழுதினோம். இடப்புருவத்தில் வெட்டுத் தழும்பு. உயரம், கோயில் முன்தூணில் செதுக்கிய மூன்றாம் பூ வரை. வலக்கைச் சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்தது. அந்த விரலை மட்டும் எழுத வேண்டாம், பிள்ளை திருப்புகிற விரல், கண் பட்டுவிடும் என்று அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எழுதியே ஆக வேண்டும் என்று சேந்தன் எழுதினான். பிணைக்கு இருவரை அழைத்து வரச் சொன்னால் நாற்பது பேரோடு வந்து நின்றாள். எல்லாரும் அவள் கையில் பிறந்தவர்கள். எந்த இருவரைத் தெரிந்தெடுப்பது என்பதற்கே ஒரு பகல் போனது. சேந்தனின் சொந்த மகளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

இப்படி மூன்று முறை திருப்பி அனுப்பியதில் சேந்தனுக்கு வருத்தமில்லை, பெருமைதான் இருந்தது. முப்பது ஆண்டில் அவன் கை பட்ட ஓலை எந்தத் துறையிலும் மறுக்கப்பட்டதில்லை. இவள் ஓலையும் மறுக்கப்படவில்லை. மறுத்திருந்தால் எவ்வளவோ நலமாய் இருந்திருக்கும்.

இனி நூலின் கதை. உயிரோடு போகிறவருக்கு எம் அலுவல் பெயரோலை தருகிறது. உங்கள் தீவினர் எம் மண்ணில் இறந்துபோனால், அவர் ஆவி வழி தெரியாமல் அலையாதிருக்கப் பேயரோலை ஒன்றும் தந்து அதே மரக்கலத்தில் அனுப்புகிறது. பேயர் என்று மரியாதையாகவே சொல்வோம், அவரும் ஒரு காலத்தில் பெயர் உள்ளவராய் இருந்தவர்தாம். இரண்டு ஓலைக்கும் முதற்சொல் இதுவே: ஒன்றில் பெயர், ஒன்றில் பேயர். ஆனால் ஏட்டில் இரண்டுக்கும் வடிவம் ஒன்று. தலையில் புள்ளி இட்டால் ஒலி குறுகிப் பெயர் ஆகும், இடாவிட்டால் நீண்டு பேயர் ஆகும். புள்ளி குத்தினால் நரம்பு வாங்கி ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் யாரும் புள்ளி இடுவதில்லை. இடம் பார்த்துப் படித்துக்கொள்வதே வழக்கம். அதிலும் சேந்தனின் கையெழுத்து அழகானது என்று நாட்டில் பேச்சு. அழகான ஏட்டில் துளை போட அவனுக்கு மனம் வராது. ஆகவே முன்னோர் நூல் வைத்தார்கள். பெயரோலைக்குச் சிவப்பு நூல், பேயரோலைக்கு வெள்ளை நூல். உங்கள் காவலர் அந்த நூலை அவிழ்த்து வந்தவர் மணிக்கட்டில் கட்டி, நிறம் பார்த்து வாயில் திறப்பார்கள்.

மரக்கலம் புறப்படும் அன்று சேந்தனின் பலகையில் இரண்டு ஓலை இருந்தன. ஒன்று கொற்றியுடையது. மற்றது உங்கள் தீவு வணிகர் ஆதனுடையது. அவர் எம் நகரத்துச் சாவடியில் காய்ச்சல் கண்டு ஒன்பது நாளுக்கு முன் இறந்தார். எம் கடற்கரையிலேயே எரியூட்டினோம். சாட்சியாய் நின்று தீ அடங்கும் வரை பார்த்தவன் சேந்தன். அவன் ஒரு சிவப்பு நூலும் ஒரு வெள்ளை நூலும் எடுத்து வைத்துச் சிவப்பைக் கொற்றியின் ஓலைக்குக் கட்டப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

“அய்யா, பேறு பாக்கப் போறவ சிவப்பு நூலு தொட மாட்டா. தொட்டா ரத்தம் நிக்காது. வெள்ளையைக் கட்டும்.”

வெள்ளை இறந்தவர்க்கு உரியது என்று அவன் எடுத்துச் சொன்னான். முறை மாறினால் வாயில் மாறும் என்றும் சொன்னான். கொற்றி அவ்வளவு நாளும் அவனிடம் காட்டாத முகத்தைக் காட்டினாள். குரல் இறங்கிவிட்டது.

“எங்கம்மா அப்படித்தான் போனா. ரத்தம் நிக்கலை. நான் பக்கத்துல இருந்தேன். செத்தவங்களுக்கு நூலு நிறம் தெரியவா போகுது? எனக்கு என் தங்கச்சி உசுரு, அய்யா.”

துறையில் இரண்டாம் சங்கு ஊதிவிட்டார்கள். நூல்தானே, உள்ளே எழுத்து இருக்கிறதே, அடையாளம் இருக்கிறதே, நாற்பது பேர் பிணை இருக்கிறதே என்று சேந்தன் நினைத்தான். வெள்ளை நூலைக் கட்டிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, முதன்முறை போகிறவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னான்: ஓலைக் கட்டை மடியில் வைக்காதே, உப்புத்தண்ணீர் படும். கேட்டால் ஒழிய நீட்டாதே. கேட்டால் பெயரோலையை முதலில் நீட்டு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே, உனக்கு அது கடினம் என்று தெரியும். இப்படி அவன் வாய் பேசிக்கொண்டிருக்கையில் கை சும்மா இருக்கவில்லை. பலகையில் மீந்திருந்த நூலை எடுத்து, மீந்திருந்த ஓலைக்குக் கட்டி, மீகாமனிடம் கொடுத்துவிட்டது. மீந்திருந்த நூல் சிவப்பு.

கடலில் நான்கு நாள். முதல் இரண்டு நாளும் கொற்றி மரக்கலத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தாள் என்றும், மூன்றாம் நாள் எழுந்து மூன்று பேர் சோற்றை உண்டாள் என்றும், நான்காம் நாள் கலத்திலிருந்த அத்தனை பேர் வயிற்று உபாதையும் கேட்டு மருந்து சொன்னாள் என்றும் திரையன் எம்மிடம் சொல்லியிருக்கிறான். அவள் உயிரோடு இருந்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உங்கள் துறையில் அவள் இறங்கியதும் காவலர் நூலைப் பார்த்தார்கள். ஓலையைப் படித்தார்கள். வெள்ளை நூலோடு படித்தபோது அந்தச் சொல் பேயர் என்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. உடனே தலை கவிழ்ந்தார்கள். வெள்ளை நூல் கட்டியவர் முகத்தைப் பார்ப்பதும் அவர் சொல்லுக்கு மறுமொழி தருவதும் உங்கள் நாட்டில் விலக்கு. கட்டிவிட்டுப் பேயர் வாயிலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

“யப்பா, எல்லாரும் அந்தப் பக்கமாப் போறாங்களே, என்னை மட்டும் ஏன் இப்படி விடுறீங்க? ஓலையில ஏதும் குறையா? கேளுங்க, சொல்றேன்.”

யாரும் கேட்கவில்லை. மற்றொரு வாயிலில் திரையன் ஆதனின் ஓலையை நீட்டினான். காவலர் சிவப்பு நூலைப் பார்த்துப் பெயர் என்று படித்து, நிமிர்ந்து, ஆள் இல்லாத வெளியைப் பார்த்துச் சிரித்து, வாங்க வாங்க, வந்து எத்தனை காலம் ஆச்சு என்று வரவேற்று, ஒருவர் நடந்து போக வழி விட்டுப் பின்வாங்கினார்கள். துறைப் பலகையில் ஈரமாய்க் காலடி பதிந்ததைத் திரையன் கண்டிருக்கிறான். அப்போது ஏன் வாய் திறக்கவில்லை, கடலில் நான்கு நாளும் அந்த ஆளைக் கண்டாயா என்று சேந்தன் அதட்டிக் கேட்டான். திரையன் தலையைச் சொறிந்துகொண்டான்.

“ஓலை இருந்துச்சுங்க. ஓலை இருந்தா ஆளு இருக்கணும்ல? ஒரு இலை அவருக்கும் போட்டுத்தான் வந்தோம்.”

அவனைக் குறை சொல்ல எம்மால் முடியவில்லை. முப்பது ஆண்டாய் நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

கொற்றி இறங்கிய ஏழாம் நாள் உங்கள் துறையிலிருந்து கிளம்பிப் பத்தாம் நாள் எம் துறை சேர்ந்த திரையன் இரண்டு ஓலை கொண்டுவந்தான். ஒன்று குவளை எழுதியது. அதன் வாசகத்தை அப்படியே தருகிறோம்.

“ஓலைநாயகத்துக்குப் பாய் தைப்பவர் மனைவி குவளை எழுதுவது. என் அக்கா எப்போது இறந்தாள், எதனால் இறந்தாள் என்று எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அவள் வந்து ஆறு நாள் ஆகிறது. வந்த அன்று வாசலில் நின்று ‘குவளே’ என்று கூப்பிட்டாள். ஓடினேன். என் மாமியார் அவள் கையிலிருந்த நூலைக் காட்டி என்னைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி பேயரின் எதிரே போகக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். நான் சாளரத்து இடுக்கால் பார்க்கிறேன். பகல் முழுதும் வாசலில் நிற்கிறாள். ‘குறுக்கே கெடக்குதுடி. நீ நடக்கிறதைப் பாத்தாலே தெரியுது. கதவைத் தொற, திருப்பி விட்டுட்டுப் போறேன்’ என்கிறாள். அந்த வளைந்த விரலைக் காட்டுகிறாள். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். உயிரோடு இருந்தால் என்ன சொல்வாளோ அதையே சொல்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் வைக்கும் சோறு மிச்சமில்லாமல் தீர்ந்துபோகிறது. பசியோடு செத்தாளா? பதினாறாம் நாள் நீர் வற்றும்போது அவளைப் படகில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் எனக்கு எழுதுங்கள். எதற்கு அழுகிறோம் என்று தெரிந்து அழ வேண்டும்.”

இதைப் படித்துச் சேந்தன் முதலில் நினைத்தது வெட்கக்கேடானது. நம் மரக்கலத்தில் ஏறியபின் எங்கோ இறந்துபோயிருக்கிறாளே, குறிப்பேட்டில் அதை எழுதவில்லையே என்று நினைத்தான். ஓலை சொன்னதை அவனும் நம்பினான். பிறகு இரண்டாம் ஓலையைப் பிரித்தான். அது வணிகர் ஆதனின் மனைவி பெருநங்கையார் எழுதியது.

“என் கணவரைப் பத்திரமாய் அனுப்பிவைத்த ஓலைநாயகத்துக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காய்ச்சலில் கிடக்கிறார் என்று கேட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். இளைத்துத்தான் வந்திருக்கிறார். பேச்சு அடியோடு குறைந்துவிட்டது. கடல் பார்த்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார். காலில் ஈரம் காயவே மாட்டேன் என்கிறது, நானும் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். இலையில் வைத்த சோறு வைத்தபடியே இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவர் பத்தியம் ஏதேனும் சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதுக.”

எழினியாரே, சேந்தன் அந்த இரண்டு ஓலையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரு வீட்டில் வாசலில் வைத்த சோறு தீர்ந்துபோகிறது. ஒரு வீட்டில் இலையில் இட்ட சோறு குறையவில்லை. மரக்கலம் புறப்பட்ட அன்று தன் கை செய்தது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. ஆதனை எரித்த தீ அடங்கியதைக் கண்ணால் கண்டவன் அவன். அந்த ஆதன் உங்கள் தீவில் ஒரு வீட்டு மூலையில் ஈரக்காலோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அங்கே உட்கார உரிமை தந்தது இவன் கட்டிய நூல். இவ்வோலையைச் சேந்தன் இரவோடு இரவாக, எழுதிய ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தி எழுதுகிறான். இந்த ஓலையின் எழுத்து அழகாய் இல்லாததற்கு அதுவே காரணம்.

திரையனிடம் இன்னும் ஒன்று கேட்டு அறிந்தோம். அவன் புறப்பட்ட ஏழாம் நாள் பேயர் வாயிலுக்கு வெளியே ஒரு கல்லில் கொற்றி உட்கார்ந்திருந்தாளாம். ஒரு வாரமாய் ஒருவரும் முகம் பார்க்கவில்லை, ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை, சொந்தத் தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். ஓயாமல் பேசுகிறவள் அன்று பேசாமல் இருந்தாளாம். தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாளாம். இவனைக் கண்டதும் அந்தக் கையை நீட்டினாள்.

“தெரையா, நீயாச்சும் பாத்துச் சொல்லு. ஓடுதா, இல்லையா? எனக்குச் சில நேரம் ஓடுற மாதிரி இருக்கு. சில நேரம் இல்லாத மாதிரி இருக்கு.”

வெள்ளை நூல் கட்டியவரோடு பேசியவன் கலத்தை மறுபடி துறைக்குள் விடக்கூடாது என்பது உங்கள் சட்டம். திரையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டான். எம்மிடம் இதைச் சொல்கையில் அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். கலத்தில் வாந்தி எடுத்தவள் தலையைப் பிடித்துக்கொண்டவன் நான், ஆனாலும் அந்த வாயிலின் பக்கம் அவளைப் பார்த்தபோது எனக்கே ஐயமாய் இருந்தது, அவள் மேல் வெயில் சரியாய் விழவில்லை என்றான். அவனுக்கும் ஐயம் வந்தது, அவளுக்கும் வந்தது. இன்னும் சில நாள் போனால் அந்த ஓலையில் இருப்பதே உண்மையாகிவிடும் என்று சேந்தன் அஞ்சுகிறான்.

இவை யாவும் கோமான் திருச்செவிக்கு எட்டின. அவர் இரண்டு ஓலையையும் வாங்கிப் படித்து, எழுத்து அழகாய் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு புள்ளியை விட்டீரே, அந்தப் புள்ளியோடு ஒரு பெண்ணையும் விட்டீரே என்று கேட்டருளினார். சேந்தன் வெளியே வந்து எழுத்தாணியை எடுத்தான். பதினொன்றாம் நாள் விடியலில் எட்டுத் துடுப்புள்ள ஓடத்தில் இவ்வோலை புறப்படுகிறது.

ஓலை தந்த நாட்டின் சொல்லே அவ்வோலைக்குச் சட்டம் என்று நம் இரு நாட்டார் கல்லில் வெட்டி வைத்த உடன்படிக்கைப்படி இது வேண்டுகோள் அன்று, ஆணை. கேட்க.

கொற்றியார் கையிலுள்ள வெள்ளை நூலை அறுக்க. அவர் முகத்தைப் பார்க்க. இடப்புருவத் தழும்பையும் வளைந்த சுண்டுவிரலையும் ஓலையோடு ஒத்துப் பார்த்து, பெயர் சொல்லி உரக்க அழைக்க. ஒரு முறை அழைத்துத் திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டாம், திரும்பும் வரை அழைக்க. அவர் கேட்டால் நாடி ஓடுகிறது என்று சொல்க, அதை அவர் பிறர் வாயால் கேட்டாக வேண்டும். நேரே குவளையின் வீட்டுக்கு அழைத்துச் சென்று கதவைத் திறந்துவிடுக. சிவப்பு நூல் கட்ட வேண்டாம். பேறு முடியும் வரை அவர் கை எந்த நூலும் இன்றி இருக்கட்டும்.

ஆதனாரின் வீட்டுக்கு வெள்ளை நூலோடு தக்கவரை அனுப்புக. பெருநங்கையாரிடம் மெல்லச் சொல்க. உண்மையைச் சொல்க, ஆனால் நின்றுகொண்டு சொல்லாமல் உட்கார்ந்து சொல்க. ஆதனார் இலையின் முன் இருந்தால், உண்டு முடித்து எழுந்தபின் நூலை மாற்றுக. இலையில் இருப்பவரை எழுப்புவது எந்த நாட்டிலும் வழக்கமில்லை.

இன்று முதல் எம் அலுவலில் எழுதப்படும் ஒவ்வொரு பெயருக்கும் புள்ளி குத்தப்படும். கிழிந்தால் வேறு ஓலை எடுத்துக்கொள்வோம், பனைக்குப் பஞ்சமில்லை. இத்துடன் கொற்றியாருக்குப் புதிய பெயரோலை ஒன்று இருக்கிறது. அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்க. முதற்சொல்லின் தலையில் ஒரு துளை வழியே வெயில் உங்கள் கண்ணில் படும். ஓரத்தில் நரம்பு சற்றே கிழிந்திருக்கும். அதைப் பிழை என்று கொள்ள வேண்டாம்.

கதிர் உள்ளவரை இச்சொல் நிற்க. இதை மறுத்தவர் தாம் புறப்பட்ட கரையை மறப்பார். அலைதாங்கி இளவெயில் மாறரின் மீன்வாய் முத்திரை இட்டது. சேந்தன் எழுத்து.

*

அவ்வோலையின் புறத்தே வேறு கையில் எழுதித் திருப்பி அனுப்பியது:

மணிவரைத் துறை எழினி எழுத்து. யானைகள் நலம்.

உம் ஓலை பதினாறாம் நாள் நண்பகல் கழிந்து வந்தது. எதிர்க்காற்று என்று உம் ஓடக்காரர் சொன்னார். படித்துக்கொண்டே ஓடினோம். நீர் வற்றத் தொடங்கிப் படகு துறையை விட்டு நெடுந்தூரம் போயிருந்தது. கொற்றியார் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லி அழைத்தோம். திரும்பவில்லை. துறையிலிருந்தோர் அனைவரும் சேர்ந்து அழைத்தோம், அப்போதும் திரும்பவில்லை. அதற்குள் சேதி கேட்டுக் குவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இடுப்பளவு நீரில் இறங்கி, அக்கா என்று ஒரே ஒரு முறை கத்தினாள். திரும்பினார். நாங்கள் நீந்திப் போய்ப் படகைப் பிடித்து நூலை அறுத்தபோது அவர் கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்ன முதற்சொல் இது:

“கண்ணு இப்பத்தான் தெரியுதா ஒங்களுக்கு? அவ நிக்கிற நிலையைப் பாருங்கடா, நோவு கண்டுருச்சு. யாராச்சும் ஓடிப்போய் வெந்நி வைங்க!”

பிள்ளை திரும்பியது. பெண். தாய் நலம். வருவோர் ஏட்டில் பெரியம்மாவுக்கும் பிள்ளைக்குமாக இரண்டு பெயர் எழுதி, இரண்டிலும் புள்ளி குத்தினோம். ஏடு கிழியவில்லை.

ஆதனார் வீட்டுக்கு வெள்ளை நூலோடு இருவரை அனுப்பினோம். பெருநங்கையாரிடம் உட்கார்ந்தே சொன்னார்கள். அவர் முழுவதும் கேட்டார். அழவில்லை. எழுந்து உள்ளே போய், கணவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு வந்தார். உண்டு முடித்து எழுந்தபின் நூல் மாற்றுக என்பது உம் ஆணை. எம் ஆட்கள் அந்த வாசலில் இன்றோடு மூன்று நாளாய்க் காத்து நிற்கிறார்கள். சோறு இன்னும் அப்படியே இருக்கிறது.